நடுவில் நின்ற முள்

ஒருவருக்குப் பெருமை மகனால் வரும், இன்னொருவருக்கு மாடிவீட்டால் வரும். பிக்கப் ஓட்டும் நம் டிரைவருக்கு அது வண்டியின் சூடு காட்டும் முள்ளால் வந்தது. போன கோடையிலிருந்து அந்த முள் அடிக்கோட்டை விட்டு எழுந்ததே இல்லை. “என் இன்ஜின் மேல ஐஸ்கிரீம வச்சிட்டு ஊரச் சுத்துங்க. உருகிட்டா மீசைய எடுத்துர்றேன்” என்று டீசல் போடும் இடத்திலெல்லாம் சவால் விடுவார். ஐஸ்கிரீம் வாங்கித்தர ஆள் இல்லாததால் மீசை பிழைத்துக் கிடந்தது.

இந்தப் பெருமையை அவருக்குத் தேடித் தந்தவன் மனைவியின் தம்பி. மெக்கானிக். ஊர் அவனுக்கு வைத்த பேர் கழட்டி. ஹாரன் கம்மினால் ஹாரனைக் கழட்டுவான். கதவு கிறீச்சிட்டால் கதவைக் கழட்டுவான். அவனிடம் தலைவலி என்று சொல்லவே எல்லோருக்கும் பயம். கோடையில் பிக்கப் கொதித்து ஆவி கக்கியபோது அவன் கழட்டியது தெர்மோஸ்டாட்டை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மறித்து நிற்கும் உள்ளங்கை அளவு வால்வு அது. மூடியபடியே செத்துப் போயிருந்தது. புதுசு நாளைக்கு வாங்கிப் போடுகிறேன் என்றான். அந்த நாளை ஏழு மாதமாகியும் விடியவில்லை.

அன்று காலை இருவரும் மலையேறினார்கள். பின்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, ஓட்டை போட்ட மூன்று பெட்டிகளில் முந்நூறு கோழிக்குஞ்சுகள். பொரிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் டிரைவரின் அக்கா காத்திருந்தாள். நோய் வந்து அவள் கோழிகளை வாரிக்கொண்டு போனபின் எட்டு மாதமாகக் கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தது. மறுபடி தொடங்க அவள் துணிந்தது இந்த முந்நூறை நம்பித்தான். தம்பியான டிரைவர் லைசென்ஸ் தேர்வில் ஐந்து முறை கவிழ்ந்தபோது ஆறாவது முறைக்குக் காதைப் பிடித்து இழுத்துப் போனவள் அவள். அவளுக்கு ஒரு குஞ்சு குறைந்தாலும் தனக்கு ஒரு கை குறைந்த மாதிரி என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் ஹீட்டர் ஏதோ மூச்சு விட்டது. உச்சி தாண்டி இறக்கம் வந்ததும், இன்ஜினுக்கு வேலை குறைந்தது. வெளியே கண்ணாடியில் உறைபனி. உள்ளே ஹீட்டரை முழுசாகத் திருகினாலும் ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி காற்று. முள் வழக்கம்போல அடியில் படுத்திருந்தது.

பின்னால் சத்தம் கிளம்பியது. முந்நூறும் ஒரே நேரத்தில் வழக்கு போட்ட மாதிரி கத்தின.

“என்ன மாப்ள, பசியா அதுகளுக்கு?”

கழட்டி திரும்பி ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினான். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்திருந்தன. “குளிருது மாமா. இப்படியே போனா அடியில கெடக்குறது நசுங்கியே செத்துரும்.”

“ஹீட்டர் எங்கடா போச்சு?”

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கழட்டிட்டியா?”

“ஹீட்டர கழட்டல மாமா. ஹீட்டருக்கு வர்ற சூட்ட கழட்டிட்டேன். அந்த வால்வு இல்லாம தண்ணி ஓயாம ரேடியேட்டருக்கு ஓடுது, இந்தக் குளிர்ல இன்ஜின் சூடே ஏறல.”

டிரைவருக்கு வண்டியை ஓரம் கட்டியதுகூடத் தெரியவில்லை. முள்ளைப் பார்த்தார். ஏழு மாதம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது ஒரு நோயாளியின் நாடியையா?

“உன் அக்காவக் கட்டின பாவத்துக்கு இன்னும் என்னெல்லாம்டா...” என்று தொடங்கியவர், கழட்டி இறங்கி ஓடுவதைப் பார்த்து வாயை மூடினார்.

பின்தட்டில் அவனுடைய பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. வாழ்நாளில் கழட்டியதெல்லாம், என்றாவது உதவும் என்று அதில்தான் கிடக்கும். கவிழ்த்தான். ஹாரன்கள், கைப்பிடிகள், யாருடையதோ ஒரு வைப்பர், செத்த தெர்மோஸ்டாட் எல்லாம் தகரத்தில் உருண்டன. வெறும் அட்டையைக் கிழித்து விரித்தான். பானெட்டைத் திறந்து, குளிர்காற்றை மறிக்க ரேடியேட்டருக்கு முன்னால் செருகினான்.

“முழுசா மூடிறாதடா, கொதிச்சிரும்!”

“தெரியும் மாமா. ஒரு சாண் திறந்து விட்டிருக்கேன். நீங்க முள்ள மட்டும் பாருங்க. பாதி தாண்டுச்சுன்னா சொல்லுங்க, எடுத்துர்றேன்.”

வண்டி நகர்ந்தது. டிரைவர் ரோட்டை ஒரு கண்ணாலும் முள்ளை ஒன்பது கண்ணாலும் பார்த்தார். கழட்டி தன் சட்டையையும் கழற்றிப் பெட்டிகள் மேல் போர்த்தினான். வெறும் பனியனோடு இருந்தவனின் பற்கள் தந்தியடித்தன. மூன்றாவது வளைவில் முள் சிலிர்த்தது. ஐந்தாவது வளைவில் அடிக்கோட்டை விட்டு எழுந்தது. ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து டிரைவரின் முழங்காலைத் தொட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இடையில் ஒரு சிறு ஏற்றம். முள் பாதியைத் தாண்டியது. “மாப்ள!” வண்டி நின்றதும் கழட்டி குதித்து அட்டையில் ஒரு துண்டைக் கிழித்தான். முள் இறங்கி நடுவில் நின்றது. பின்சீட்டுக் கூச்சல் மெல்ல அடங்கி, திருப்தியான கிசுகிசுப்பானது. குஞ்சுகள் விரிந்து படுத்திருந்தன.

கொட்டகை வாசலில் அக்கா கம்பளி போர்த்தி நின்றாள். பெட்டியைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டாள். சிறிது நேரம் எடுக்கவே இல்லை.

“எல்லாம் கதகதன்னு இருக்குடா” என்றாள். பிறகு பனியனோடு நடுங்கியவனைப் பார்த்தாள். “ஏன்டா இப்படி வந்திருக்க?” என்று தன் கம்பளியை அவன்மேல் சுற்றினாள்.

“எல்லாம் இவன் செஞ்சதுதான்க்கா” என்றார் டிரைவர். திட்டுவதற்காக உச்சியிலிருந்து சேர்த்து வைத்திருந்த வாக்கியம்தான். வாயிலிருந்து வரும்போது நன்றியாகிவிட்டது. “பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் வண்டியில ஒண்ண மாட்டியிருக்கான்.”

“நாளைக்குப் புது தெர்மோஸ்டாட் போட்டுர்றேன் மாமா.”

“நாளைக்கா? இன்னிக்கே, இங்கேயே, இந்த ஊர்லயே வாங்குற!”

சிரிப்புக்கு நடுவே டிரைவர் வண்டிக்கு முன்னால் போய், நன்றி சொல்வதுபோல் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“ஆ! சுடுதுடா மாப்ள!” என்று கையை உதறிக்கொண்டு கத்தினார். “சுடுதுடா!” உதறிய கையையே மறுபடியும் அங்கே வைத்தார்.