ஷிஃப்ட் முடியாத வெயில்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதத்தில், திண்டுக்கல் நாகல்நகரில் ராயப்பராஜின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த ஒரு மாலை வெயில் அதன்பிறகு வெளியே போகவில்லை. அன்று அவருக்கும் தீபாவுக்கும் கல்யாணம். தன் கல்யாண போட்டோவை இன்னொருவன் எடுப்பதாவது என்று வீம்பு பிடித்த மாப்பிள்ளை, மாதா கோயிலிலிருந்து பெண்ணை நேரே ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து, கேமராவில் டைமரை வைத்துவிட்டு, வேட்டி தடுக்க ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றார். மேற்கு ஜன்னல் வெயில் தீபாவின் கன்னத்தில் விழுந்தது. வெளியே இருட்டிய பிறகும் உள்ளே அப்படியே இருந்தது. மின்வாரியத்தார் வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வெயிலில் உட்கார்ந்த யாருக்கும் போட்டோவில் முகம் கோணியதில்லை. நத்தத்து மாம்பழ வியாபாரிகள் வரன் பார்க்கும் போட்டோவுக்கு மகள்களைக் கூட்டி வந்தார்கள். பத்திரத்துக்குப் போட்டோ எடுக்க வந்த சிடுமூஞ்சிகள்கூட, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் சிரித்தார்கள். தீபா வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பத் தெர்மாகோல் அட்டை பிடிப்பாள், முந்தானைகளைச் சரிசெய்வாள், அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பொரிகடலை கொடுப்பாள். நல்ல வருஷங்கள் அவை. பிறகு எல்லார் கையிலும் போன் வந்து கூட்டம் குறைந்தது. கொரோனாவில் தீபா போனாள். ஆஸ்பத்திரியிலிருந்தே கல்லறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் வெயிலில் போய் உட்கார்ந்தால், டீ வாங்கப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றிருக்கும்.

சும்மா இருக்கிற மனுஷர் இல்லை. சின்னாளபட்டிச் சேலைகளை ஆன்லைனில் விற்பவர்களுக்காக, சேலையைச் சுற்றி விளக்கைத் தானே நகர்த்தும் ரோபோ கைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி அதன் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னபோதுதான் ஆடிப்போனார். கேமராவைத் தூக்கிப் போகலாம், வெயிலை எப்படித் தூக்கிப் போவது? இதே வெயிலைத் தரும் ரோபோ கையை வடிவமைக்க மெக்கட்ரானிக்ஸ் படிக்கும் இன்டர்ன் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்.

வந்த பையன்கள் பகலில் லைட் மீட்டரை நீட்டி வெயிலை அளந்து விளக்கைப் பொருத்தினார்கள். மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஒரு நிறம் வந்தது. கடைசியாக வந்தவள் வேடசந்தூர் ஸ்ரீமதி. அவள் அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அவள் எதையும் அளக்காமல், வெயில் வந்த கதையை அவரிடம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கல்யாணத்தன்னைக்குப் பொழுது சாஞ்சதும் இங்கன லைட்டு போட்டீங்களா?"

அந்தியில் பல்பைப் போட்டதும் அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வது அவர் வீட்டில் தவறாத வழக்கம். அன்றைய அமளியில் ஸ்டுடியோவில் யாரும் போடவில்லை. பிறகு தேவையும் வரவில்லை என்றார்.

"அப்ப எப்பிடி சார் அது போகும்? எங்கம்மா மில்லுல மாத்திவிட ஆளு வராம மெஷினை விட்டு நகர முடியாது. ஆளு வரலைன்னா அடுத்த ஷிஃப்டும் நிக்கணும். பாவம், இது அப்பிடித்தான் நிக்கிது."

"லைட்டு வந்து மாத்திவிட்டா போயிருமா?"

"போயிரும் சார்."

"போகக் கூடாதும்மா. அதுக்குத்தான உன்னைய வரச்சொன்னது."

"கட்டடத்த இடிச்சாலும் அது போகாது சார். இடிபாட்டுக்குள்ளயே நிக்கும்."

ராயப்பராஜ் அவளைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

மில்லில் புது ஆளைப் பழைய ஆள் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவதுபோல, ஸ்ரீமதி ரோபோ கையை வெயிலின் பக்கத்தில் நிறுத்தினாள். வெயில் எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஆனி முழுக்கப் பார்த்தது. ஆடியில், பகலில் மட்டும் போட்டுப் பார்த்த அதன் விளக்கிலும் அதே நிறம் கூடி வந்தது. அந்தியில் அதைப் போட ராயப்பராஜுக்குத்தான் மனசு வரவில்லை. இடிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள், வெளியே பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் எரிந்த பிறகு, "இம்புட்டு வருசம் கால்கடுக்க நிக்க வச்சது நாந்தானம்மா. மாத்திவிட்டுருவோம்" என்று தானே ரோபோ கையின் ஸ்விட்சைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வெயில் சுவரிலிருந்து இறங்கி, நாற்காலியை விட்டு, ஜன்னல் கட்டையில் வந்து நின்றது.

"போயிட்டு வா, தீபா" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் சொல்ல விடாத வார்த்தை. சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். வெயில் ஜன்னலைத் தாண்டி வெளியே போனது.

அன்று திண்டுக்கல்லில் இரண்டு தடவை பொழுது சாய்ந்தது. மலைக்கோட்டை மறுபடி மஞ்சளாகி, மெல்ல இருட்டியது. நாகல்நகர்ப் பெண்கள் போட்ட பல்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டு, கும்பிட்டுக்கொண்டு, சோறு வடிக்கப் போனார்கள்.