ரோபோவுக்கு வைத்த பொட்டு

ரோபோவுக்குப் பொட்டு வைத்தது எல்லம்மாள்தான். அதை அவள் எங்கேயும் இல்லையென்று சொல்லவில்லை. கருங்குழிப் பக்கத்து பிஸ்கட் கம்பெனியில் ஆயுத பூஜையென்றால், மாவு பிசையும் மெஷினிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை சந்தனம் குங்குமம் வைப்பது அவள்தான். சுனாமிக்கு அடுத்த வருஷம், பிஸ்கட்டைப் பொறுக்கி அடுக்குவதற்கென்று புதிதாக வந்திறங்கியிருந்தது அந்த இரும்புக் கை. அதற்கு முகம் எதுவென்று தேடினாள். வட்டமாக ஒரு கண்ணாடி மின்னியது. நடுவிலேயே அழகாக வைத்துவிட்டாள்.

அது ரோபோவின் கண். லீவு முடிந்து ஓடவிட்டால், பிஸ்கட்டை விட்டுவிட்டு வெறும் பெல்ட்டைக் கொத்தியது. காய்ந்த சந்தனத்தை மேனேஜர் ஜானகிராமனே சாவியால் சுரண்டினார், கண்ணாடி கீறிப்போனது. இனி ரிப்பேருக்கு, ரோபோ செய்த கம்பெனியின் ஆள் புனேயிலிருந்து வர வேண்டும். சாவியைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

மேனேஜர் எல்லம்மாளை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஜாய்ஸ்தான் வைக்கச் சொன்னாள்னு சொல்லிடும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

ஜாய்ஸ் பேக்கிங்கில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள். ரோபோ வந்ததால் பேக்கிங் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வேறு வேலை கொடுத்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டவள். அன்றிலிருந்து அவளை வெளியே தள்ள இவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் மறுபடி அடுத்தவன் கழனியில்தான் குனிய வேண்டும். அதற்காக, பூஜையில் ஒதுங்கி நின்று சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டவள் தலையில் பழியைப் போடுவதா?

"அவ சர்ச்சுக்குப் போய்கினு கீறவ சார். அவ பொட்டு வெக்கச் சொன்னாளா? பொய்யாவது பொருந்தச் சொல்லு. நான்தான் வெச்சேன். சாவியால சொரண்டுனது யாருன்னும் சொல்றேன், வரச்சொல்லு அந்தப் புனே ஆள."

"வேலை போயிடும்."

"எப்பிடியும் அனுப்பத்தான போற?"

அதற்குள் அடுப்பிலிருந்து அடுத்த ஈடு பிஸ்கட் வர ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் கரியாகிவிடும். "எல்லாரும் கையால அடுக்குங்க, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே ஜானகிராமன் ஷெட்டுக்கு ஓடினார்.

பின்னாலேயே வந்த எல்லம்மாள், ஜாய்ஸ் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க எல்லாருக்கும் இன்னா வழி? அத்த சொல்லு சார். அப்பால அடுக்கறோம்."

ஜாய்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் கையைக் கட்டினாள். எதிர்வரிசையில் கல்யாணி கட்டினாள். அப்புறம் பெல்ட் நெடுக ஒரு கைகூட நீளவில்லை.

பெல்ட்டின் முனையில் முதல் பிஸ்கட் ஒரு கணம் தயங்கி, மேனேஜரின் ஷூ மேல் விழுந்தது. பின்னாலேயே, ஆவி பறக்க, வரிசை கலையாமல் மற்றவை வந்துகொண்டிருந்தன.