மூன்று கிணறும் ஒரு பிளேன்டியும்

இரண்டு போகம் மழை ஏமாற்றிவிட்டது. மூன்றாவதற்கு வெங்காயம் வைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க ஜுனைதாவின் முற்றத்தில் கூட்டம். கூட்டமென்றால் மூன்றே பேர்: ஜுனைதா, வடக்குத் தோட்டத்து நவ்பர் நானா, தெற்குத் தோட்டத்து வின்சன்ட். கற்பிட்டி மணலில் ஆளுக்கொரு கிணறு இருக்கிறது, அடியில் கிடக்கும் நல்ல தண்ணீர் என்னவோ ஒன்றுதான். கண்டபடி மோட்டர் போட்டு இழுத்தால் அதற்கும் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். இது மூவருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

பாதிக் காணியில் மட்டும் வைப்போம், மோட்டரை முறை போட்டு ஓட்டுவோம் என்று ஜுனைதா சொல்லிப் பார்த்தாள். தன் கிணறு கண்ணாடி என்றார் நவ்பர். தன்னுடையது இளநீர் என்றான் வின்சன்ட். நவ்பர் குறைத்தால் இவன் குறைப்பானாம். இவன் குறைத்தால் அவர் யோசிப்பாராம். பெரிய மனுசர்களின் கதையைப் பாருங்கள்! ஜுனைதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசன் வேலைக்குப் போய்க் கட்டாரில். பிள்ளைகள் குடிப்பதும் குளிப்பதும் இந்தக் கிணற்றில். இது உப்பானால் அவள் எங்கே போவாள்?

குசினிக்குள் போய்ப் பால் கலக்காத பிளேன்டித் தேநீர் ஊற்றினாள். வந்தவர்களின் கோப்பைகளில் சீனியோடு தாராளமாக உப்பையும் போட்டுக் கலக்கினாள். வாயில் வைத்ததும் துப்புவார்கள், என் கிணறு போய்விட்டது, அடுத்தது உங்களுடையதுதான் என்று ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்பது திட்டம். கண் துடைக்க முக்காட்டு முனையைக்கூட ஆயத்தமாகப் பிடித்துக்கொண்டாள்.

நவ்பர் ஒரு மிடறு குடித்தார். முகம் சுளிக்கவில்லை. வின்சன்ட் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றான், அடிமண்டி வரை உறிஞ்சினான், வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உங்கட தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்கு அக்கா."

ஜுனைதாவுக்குப் பொய்க்கு வைத்திருந்த அழுகை நிசமாகவே வந்துவிட்டது.

"நான் அதில உப்புப் போட்டன்."

இருவரும் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கடைசியில் நவ்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டில் கறிக்கு உப்புப் போடுவதை விட்டு ரெண்டு மாதமாகிறது என்றார். வின்சன்ட் தலையைக் குனிந்தபடி ஆட்டினான். பிறகு, குடிக்க மட்டும் இங்கே ரெண்டு வாளி அள்ளலாமா என்று மெல்லக் கேட்டான்.

ஜுனைதா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினாள்.

"மோட்டர நிப்பாட்டிட்டு வாளியக் கொண்டு வாங்க."