ஐந்துக்கு ஒன்பது

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. கண்டியில் ஒரு கல்யாண வீட்டில், இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த கமலாசனி சொன்னது. அவள் கணிதம் கற்பிப்பவள். எங்கே என்று இப்போது சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

சொல்லி முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதுறதெண்டா எழுதுங்கோ. ஆனா என்னைப் பாவப்பட்ட பிள்ளையாக்கிப் போடாதேங்கோ."

சரி என்றேன். பசியோடு இருக்கும்போது கொடுக்கும் வாக்கைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: "இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. போர் மறுபடி மூண்டிருந்தது. கண்டியிலும் தமிழர் வீடுகளின் கதவுகள்..."

நிறுத்தினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே பாவம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "சின்ன வயதிலேயே எண்களோடு பேசுகிற பிள்ளை..."

பொய். பத்தாம் வகுப்புவரை அவள் உயிர் வலைப்பந்தில்தான் இருந்தது. கணக்கு சும்மா வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் தொடக்கம்: பேராதனை வளாகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த கமலாசனிக்குத் தன்னைவிட நன்றாகக் கணக்குச் செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க ஆசை வந்தது.

இது நிற்கும். இதில் ஏறிப் போவோம்.

3

போவதற்கு வழி இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில், பட்டப்படிப்பு முடிக்காத மாணவர்களை அழைத்து, இன்னும் யாரும் விடை காணாத கணக்குகளைக் கொடுத்துச் சில வாரங்கள் உழைக்கவிடும். பயணச்செலவும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள்.

(கோடை என்ற சொல்லில் சற்று நிற்கவேண்டும். கண்டியில் மழை உண்டு, பெருமழை உண்டு, பெரஹர ஊர்வலம் உண்டு. கோடை என்று தனியாக ஒன்று இல்லை. 'உங்கள் கோடைத் திட்டம் என்ன?' என்ற கேள்விக்கு அவள் எழுதிய முதல் பதில்: 'வந்து பார்த்துச் சொல்கிறேன்.' அடித்துவிட்டாள்.)

அவளுக்கு இதையெல்லாம் காட்டியவர் விரிவுரையாளர் அபேகோன். அதிகம் பேசாத மனிதர். பரிந்துரைக் கடிதம் தானே தருவதாகச் சொன்னார். அவள் வரிசையாக விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தாள். பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே வசனம்: எங்கள் நாட்டுப் பிரசைகளுக்கு மட்டும். கடைசியில் ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத மறந்துவிட்டார்களோ என்று அபேகோன் சந்தேகப்பட்டார். மறந்திருந்தால் அவர்கள் பாடு என்று கமலாசனி விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள்.

4

வீட்டில் கணினி இல்லை. மஹய்யாவைப் பக்கம் நளீர் ஒரு தொலைத்தொடர்பு நிலையம் வைத்திருந்தார். தொலைபேசி, இணையம், தட்டச்சு எல்லாம் அங்கே. ஊரில் பாதிப் பேரின் விசா மனுக்கள் அவர் விரல்களால் பிறந்தவை. எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன்.

நிறுவனம் கேட்டது, நீங்களாக முயன்ற ஒரு கணக்கைப் பற்றிய கட்டுரை. கமலாசனியுடையது தரையில் ஓடு பதிக்கும் கணக்கு. மூன்று சதுரங்கள் சேர்ந்து, நம் 'ட' எழுத்தைப்போல மடிந்த ஓடு. இடைவெளி இல்லாமல், உடைக்காமல், எந்த எந்த அளவுத் தரைகளை இந்த ஓட்டால் மட்டுமே மூடலாம்? இரண்டு பக்கமும் ஒற்றை எண்ணாக இருந்தால், உதாரணமாக ஐந்துக்கு ஒன்பது, மூடவே முடியாது என்று நிறுவியிருந்தாள்.

நளீர் கட்டுரையைத் தட்டி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, இதுல ஒங்கட கதை ஒண்டும் இல்லயே. சண்டையப் பத்தி ரெண்டு வரி போடுங்க. வெளிநாட்டாக்கள் அதத்தான் பாக்கிற."

"அவையள் அதைக் கேக்கேல்லை, நளீர் நானா. கணக்கைத்தான் கேட்டிருக்கினம்."

இந்த இடத்தில் நான் நளீர் பக்கம். அந்த இரண்டு வரிக்குள் போடவேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தது. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில், அவள் தாயின் வயிற்றில் இருந்தபோது, குடும்பம் கண்டியில் இருந்த வீட்டை விட்டு ஓடியது. திரும்பி வந்தபோது வீடு நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. இதை அவளே சொன்னாள், சோற்றுக்கு அப்பளம் கேட்கும் குரலில். நான்தான் அதை இப்போது உள்ளே நுழைத்துவிட்டேன். அவள் நுழைக்கவில்லை.

விண்ணப்பம் அப்படியே போனது. சில வாரங்களில் பதில் வந்தது: உங்கள் கணக்கைப் பற்றித் தொலைபேசியில் பேச விரும்புகிறோம்.

5

வீட்டுக்கென்று இருந்த ஒரே கைத்தொலைபேசி தகப்பன் விமலநாதனுடையது. மாநகரசபையில் எழுதுவினைஞர். கமலாசனி அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். அழைப்பு வரவேண்டிய நாளில் தகப்பன் லீவு எடுத்துக்கொண்டு, தொலைபேசிக்கு மின்னேற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார்.

காலையில் பொலிஸார் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாக அடையாள அட்டை பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிப் போன சகோதரி மகன் ஒருவரைப் பொலிஸில் பதிவு செய்யவில்லை என்று விமலநாதனை விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். அவரோடு சட்டையும் போனது. சட்டையோடு தொலைபேசியும் போனது.

இங்கே நான் ஒரு பக்கம் எழுதினேன். பொலிஸ் நிலையத்து மேசையில் தொலைபேசி அதிர்கிறது. அதிகாரி எடுக்கிறார். மறுமுனையில் ஒரு பேராசிரியர்... மிக நல்ல பக்கம். கமலாசனிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பிடி நடக்கேல்லை," என்றாள். கிழித்தேன்.

நடந்தது இதுதான். தாய் சத்தியபாமா சேலையைச் சரிசெய்து, கணவரின் வேலைக் கடிதத்தையும் வீட்டுப் பத்திரங்களையும் பைக்குள் வைத்தாள். கமலாசனியும் செருப்பை மாட்டினாள்.

"நீ எங்க வெளிக்கிடுறாய்?"

"பொலிசுக்கு."

"ரெண்டு பேர் போனா ரெண்டு மடங்கு கேள்வி கேப்பினம். அப்பாவிட்ட நான் போறன். நீ போய் உன்ர வேலையைப் பார்."

அந்தத் தெருமுனையில் அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். இடப்பக்கம் தாய் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தானும் பின்னால் போயிருப்பாள் என்று கமலாசனி இன்றும் நம்புகிறாள். வலப்பக்கம் போனாள்.

கடையில் நளீரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கடையின் எண்ணை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மற்ற வாடிக்கையாளர்களைப் பிறகு வரச்சொல்லிக் கதவைப் பாதி சாத்தினார்.

6

மணி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் பேராசிரியர். ஆங்கிலத்தில், மிகவும் பரிவாக, உங்கள் நாட்டில் நிலைமை மோசம் என்று செய்தியில் பார்த்தோம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

(வாசகரே, இதைவிட வசதியான கேள்வி ஒரு கதையில் வராது. தகப்பன் அந்த நேரம் எங்கே இருந்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒரு வசனம் போதும்.)

இன்று கொஞ்சம் அவசரம், கணக்குக்கு வரலாமா என்றாள் கமலாசனி.

பேராசிரியர் கணக்குக்கு வந்தார். அவள் விளக்கினாள். ஒரு டகரத்தை இன்னொரு டகரம் தழுவிக்கொண்டால் இரண்டுக்கு மூன்று அளவில் ஒரு செவ்வகம். இரண்டு பக்கமும் ஒற்றை எண்ணானால் ஓடுகளின் தொகையும் ஒற்றையாகிவிடும். ஆகவே ஒரு ஓடு சோடி இல்லாமல் மிஞ்சும். ஆகவே முடியாது.

மறுமுனையில் ஒரே ஒரு சொல்: "ஏன்?"

ஒவ்வொரு ஓடும் சோடி சேர்ந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? அபேகோன் பார்த்திருந்தார், அவளே நூறு தரம் பார்த்திருந்தாள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

தொலைபேசியில் சத்தம் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லித் தொடர்பை வெட்டியிருக்கலாம். அவள் சொன்னது: என் நிறுவலில் ஓட்டை இருக்கிறது. இடம் தெரிகிறது. அடைக்க முடியுமா, அல்லது விடையே பிழையா என்பது இன்னும் தெரியாது.

நாளைக்கு எழுதுங்கள் என்றார் பேராசிரியர்.

7

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம். தாய் வாசலில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விசாரணை முடியவில்லை. கமலாசனி பக்கத்தில் இருந்து, கையில் கிடைத்த தாளில் ஐந்துக்கு ஒன்பது கட்டம் கீறினாள்.

காவலுக்கு நின்ற கொன்ஸ்தாபிள் எட்டிப் பார்த்து, வரைபடமோ என்று சந்தேகப்பட்டு, அவள் சிங்களத்தில் விளக்க, அவரும் ஒரு மூலையில் விரலை வைத்து...

இல்லை. அதையும் அவள் விடவில்லை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். கணக்குக்கு ஆள் சேர்க்காதேங்கோ என்றாள்.

அவள் தனியாகத்தான் போட்டாள். மூலையிலிருந்து தொடங்கினாள், அடைபட்டது. அழித்தாள். சோடி சேர்க்கும் பழக்கத்தைக் கை விடமாட்டேன் என்றது. வேண்டுமென்றே ஒவ்வொரு ஓட்டையும் விலக்கி விலக்கி வைத்தாள். பின்னேரம் சாயும்போது பதினைந்து டகரங்கள், ஒரு சதுரமும் மிஞ்சாமல், கட்டத்துக்குள் படுத்துக்கொண்டன. முடியவே முடியாது என்று அவள் எழுதியனுப்பிய தரை மூடிக்கிடந்தது. தன் தேற்றம் செத்ததில் அவளுக்கு வந்த சந்தோசத்தை அந்த வாங்கில் காட்ட வழியில்லை. தாயின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். தாய் அதைப் பயம் என்று நினைத்துத் தடவிக்கொடுத்தாள்.

இருட்டுமுன் விமலநாதன் வெளியே வந்தார். சட்டை கசங்கியிருந்தது. மகளைக் கண்டதும் கேட்டது:

"கதைச்சியோ?"

"ஓம்."

"சரி வந்ததோ?"

"பிழை விட்டிட்டன் அப்பா. பிறகு சரியைக் கண்டுபிடிச்சிட்டன்."

"எங்க?"

"இஞ்சதான். இந்த வாங்கில."

அவர் வாங்கைப் பார்த்தார். பிறகு மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

8

நிறுவனம் அவளைத் தெரிவு செய்தது. அதில் மர்மம் இல்லை. கடவுச்சீட்டும் வந்தது. மிச்சம் விசா.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விமானம் ஏறுகிறாள். மற்றதில் தூதரகம் பதிலைத் தாமதிக்க, அங்கே கோடை முடிந்துவிடுகிறது. இரண்டில் ஒன்று நடந்தது. இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா விடையைப் பின்பக்கத்தில போடாதேங்கோ. எல்லாரும் முதல்ல அங்கதான் புரட்டுவினம்."

ஆகவே தூதரகத்துக்குப் போகும் காலையோடு நிறுத்துகிறேன். கண்டியிலிருந்து கொழும்பு பஸ். தகப்பன் யன்னல் பக்கம், மடியில் பத்திரங்கள். அடுத்த சோதனைச்சாவடி எங்கே என்று பார்த்துக்கொண்டு வருகிறார். கமலாசனி முன் இருக்கையின் முதுகில் தாளை அழுத்திக் கட்டம் கீறிக்கொண்டிருக்கிறாள். ஐந்துக்கு ஒன்பது சரி. அப்படியானால் ஏழுக்கு ஒன்பது? ஒன்பதுக்கு ஒன்பது? வளைவில் பஸ் குலுங்கக் கோடு கோணலாகிறது. அழித்துவிட்டு மறுபடி கீறுகிறாள்.

பஸ்ஸை நீங்கள் கொழும்பு வரைக்கும் கொண்டுபோங்கள்.