மூன்று மாதத்துக்கு ஒரு பை ரத்தம்

எங்கள் லிஃப்ட் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் என் படம் இருக்கிறது. கீழே 'ரத்த தான வள்ளல்' என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். முதல் வருடம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அப்புறம் குனிவதையும் விட்டுவிட்டேன்.

நான் ஒரு சொட்டு ரத்தம்கூட யாருக்கும் தானம் கொடுத்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு விரல் மூட்டுகளில் வலி வந்தது. ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். சாப்பாட்டில் இருக்கும் இரும்பை என் உடம்பு அளவுக்கு மீறி உறிஞ்சுகிறதாம், அது போய் ஈரலில் சேர்கிறதாம், பெற்றவர்கள் வழியாகப் பிறவியிலேயே வந்த கோளாறாம். வைத்தியம் ஒன்றுதான், ரத்தத்தை எடுப்பது. முதலில் வாரம் ஒரு பை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு பை. எடுத்த ரத்தத்தை என் கண் முன்னாலேயே கழிவுத் தொட்டியில் போட்டார்கள். கிளம்பும்போது டாக்டர் ஒரே மாதிரி இரண்டு கடிதங்கள் கொடுத்தார்.

"கூடப் பிறந்தவங்களுக்கும் இது இருக்கலாம். இப்பவே பாத்துட்டா ஒண்ணும் ஆகாது. விட்டா ஈரல் சுருங்கிடும், கட்டி வரும்."

எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. அந்த நேரம் பார்த்து என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், வந்த வரன் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். கல்யாணம் முடியட்டும் என்று கடிதங்களை டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்.

மறுநாள் முழங்கையில் ஒட்டிய பஞ்சோடு வேலைக்கு வந்தேன். தம்பிதான் முதலில் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் ஜோடியாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள்.

"என்னண்ணே, ரத்தம் குடுத்தியா?"

"ஆமாடா."

ஒரு வார்த்தைதான் சொன்னேன். மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. மேனேஜர் கைகொடுத்தார், அடுத்த வருடம் படம் ஏறியது. மகள் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. சொல்லவேண்டிய நேரம் வந்தபோது வள்ளல் பட்டத்தை விட எனக்கு மனசு வரவில்லை. மகள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்டின் குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்ற போர்டை மாட்டவேண்டும். மாட்டினவன்தான் அதைக் கழற்ற வேண்டும். ஒருமுறை மேனேஜர் அவசரப்பட்டு நான் மாட்டிய போர்டில் கைவைக்கப் போனார். தம்பி பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டான். கீழே இருந்தது நான்.

இரண்டு வருடமாக அவனால் படி ஏற முடியவில்லை. மாடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்குப் போவதற்குள் நாலு இடத்தில் உட்காருவான். "மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்துச்சா?" என்று நான் மேலேயிருந்து கிண்டல் செய்வேன். அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. வெயில் என்றார்கள். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கிடக்கிறவனுக்கு எங்கேயிருந்து வெயில்? எனக்குத் தெரியும், என் புறங்கையும் அப்படித்தான் கறுத்தது. தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் குறைவாக இருக்கும் என்று அவன் மனைவி இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தாள். தினமும் மதியம் சாப்பிட்டதும் என் எதிரே உட்கார்ந்து இரண்டு மூடி குடிப்பான்.

"நீ ரத்தம் குடுக்கற, நான் ரத்தம் ஊற வைக்கறேன்," என்று சிரிப்பான்.

ஒரே ஒரு நாள், "இதெல்லாம் எதுக்குடா, நிறுத்தேன்," என்றேன்.

"நீ சும்மா இருண்ணே. வள்ளலுக்குத் தம்பி நோஞ்சானா இருந்தா உனக்குத்தான் கேவலம்."

நானும் சும்மா இருந்துவிட்டேன்.

போன மாதம் அவன் கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. டாக்டரம்மா முன்னால் அவனும் அவன் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஈரல் சுருங்கிவிட்டது, அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது என்றார். தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"குடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா அவனைக் கேட்டார்.

"டீதான் டாக்டர். அதுவும் அண்ணன் வாங்கிக் குடுத்தா."

"ரத்தத்துல இரும்பு ரொம்ப அதிகமா இருக்கு. வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

அந்த நிலையிலும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து என் தோளில் கைவைத்தான். "எங்க குடும்பத்துலயா? எங்கண்ணனைப் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம ரத்தம் குடுக்கறாரு. எங்க ரத்தம் சுத்தமான ரத்தம் டாக்டர்."

டாக்டரம்மா என் கறுத்த புறங்கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"எனக்கு இருக்கு," என்றேன். "ஆறு வருஷமா. அது தானம் இல்ல, வைத்தியம். கூடப் பிறந்தவங்களைப் பாக்கச் சொல்லி அப்பவே கடிதாசி குடுத்தாங்க. நான்தான் சொல்லல."

என் தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது. அவன் மனைவி பைக்குள் கைவிட்டு டானிக் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி இருந்தது. என்னை எப்போதும் மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள். பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

வெளியே வராண்டா பெஞ்சில் தம்பி என்னைவிட்டு ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தான். எதிரே இருந்த லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டானிக் குடிக்கறப்ப எதிர்லதானே உக்காந்திருந்த?"

"ஆமாடா."

"தங்கச்சிக்கு?"

"அவளுக்கும் சொல்லல."

"போன் போடு."

"நீ பேசேன். இல்ல, டாக்டரம்மாவைப் பேசச் சொல்லலாம்..."

"போர்டு மாட்டினது யாரு?"

போன் போட்டேன். இரண்டு தடவை தப்பான பேரை அழுத்தினேன். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.

"வாங்க வள்ளலே! இன்னிக்கு யாரு உயிரைக் காப்பாத்துனீங்க?" என்று சிரித்தாள். "எனக்குத்தான் விரலெல்லாம் ஒரே வலி, துணி பிழிய முடியல. ஆனா கவலப்படாத, சின்னண்ணன் அவன் குடிக்கற டானிக்கையே எனக்கும் ரெண்டு பாட்டில் வாங்கி அனுப்பியிருக்கான். தவறாம குடிக்கறேன்."