உறுப்பினர் வீட்டுத் தொலைபேசி

அர்மான் கறுப்பு டையின் முடிச்சை மூன்றாவது முறையாக அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் தொலைபேசி அடித்தது.

"எடுக்காதீங்கப்பா," என்றாள் மகள் கோலெட், வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டியபடி. "கார் வந்து நிக்குது. பத்தரைக்குப் பூசை."

எடுக்கும் எண்ணம் அவருக்கும் இல்லை. பதினொரு வருடமாக அந்தத் தொலைபேசியைத் திட்டுவதையே ஒரு வேலையாக வைத்திருந்தவர் அவர். மனைவி ஒடெட் அமெரிக்காவின் மெயின் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து அதற்கு ஓய்வே கிடையாது. உறுப்பினரின் அலுவலகம் என்பது சமையலறை மேசை, இந்தத் தொலைபேசி, பழைய ரொட்டிப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். வீட்டு எண்ணை அச்சடித்த காந்த வில்லையை ஊரிலுள்ள அத்தனை ஃபிரிட்ஜிலும் அவளே போய் ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

காகித ஆலை மூடிய பிறகு கேட்கவே வேண்டாம். வேலையில்லாப் படி வரவில்லை, வீட்டைச் சூடாக்க எண்ணெய் இல்லை, கடன்காரன் வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். ஒடெட்டின் சூப் ஆறி ஆடை கட்டிவிடும். ஃபிரிட்ஜ் மேலிருக்கும் ரேடியோவில் அர்மான் ஐஸ் ஹாக்கி ஆட்டம் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அர்மான், ரேடியோவைக் கொறைப்பா" என்பாள். அவர் குமிழை மயிரிழை திருப்புவார். அதற்கு மேல் திருப்பியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஒடெட், போன ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது, கோட்டில் ஒரு கையை நுழைத்தவாக்கில் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

தொலைபேசி நின்றது. உடனே மறுபடி அடித்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டு வைப்போம் என்றுதான் அர்மான் எடுத்தார்.

"ஒடெட் மேடம் இருக்காங்களா? நான் ரேமி கூத்தூர் பேசுறேன். ஆலையில ரெண்டாம் மெஷின்ல இருந்தேன்."

"இல்ல," என்றார் அர்மான்.

"எப்ப வருவாங்க?"

அர்மான் சுவரைப் பார்த்தார். பென்சிலால் எழுதிய எண்கள் சுவர் முழுக்க ஒடெட்டின் கையெழுத்தில் இருந்தன. ஊரே ஐந்து நாளாகக் கேக்கும் கையுமாக வாசலில் வந்து நிற்கும்போது இவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

"நீ எங்க இருந்தே இத்தன நாளா?"

"குழந்தை அஞ்சு வாரம் முன்னாடியே பொறந்துருச்சு ஐயா. பெரிய ஆஸ்பத்திரியிலயே கெடந்தோம். ராத்திரிதான் வீட்டுக்கு வந்தோம். வந்து பாத்தா கடுதாசி. ஒரு வாரம் வேலை தேடினேனான்னு கேட்ட கேள்விக்கு நான் டிக் பண்ணாம விட்டுட்டேன், படியை நிறுத்திட்டாங்க. மேல்முறையீடு இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணுமாம். காலைலருந்து தொழிலாளர் ஆபீஸுக்கு அடிக்கிறேன், எனக்கு முன்னால எழுபது பேர் வரிசையில இருக்காங்கன்னு மிஷின் சொல்லுது. வேற வருமானம் இல்ல ஐயா."

பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. ஐந்து வாரம் முந்திப் பிறந்த குழந்தையின் குரல், பூனைக்குட்டிக்குக்கூட அதைவிடத் தெம்பு இருக்கும்.

பூசை முடிந்து, கோயில் கூடத்தில் சாப்பாடு முடியும்போது மத்தியானம் ஒரு மணி ஆகிவிடும். அர்மான் டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"உன் நம்பரைச் சொல்லு. ஃபோன் பக்கத்துலயே இரு."

"அப்பா, அம்மா கோயில்ல காத்துக்கிட்டு இருக்காங்க," என்றாள் கோலெட்.

"அவ எனக்காகக் காத்திருந்தது கம்மி. இன்னைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

சுவரில் 'தொழிலாளர் ஆபீஸ், உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்த எண்ணை அவர் சுழற்றினார். இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"உறுப்பினர் ஒடெட் தெபெர்ஜ் வீட்லருந்து பேசுறேன்," என்றார் அர்மான். சொன்ன பிறகுதான் அப்படி ஒரு உறுப்பினர் இப்போது இல்லை என்பது உறைத்தது.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், நேத்து சபையில எல்லாரும் அவங்களுக்காக எந்திரிச்சு நின்னாங்க. நாங்க ஆபீஸ் டிவியில பாத்து, நாங்களும் நின்னோம். நீங்கதான் அர்மானா?"

"எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா ரேடியோவைக் கொறைக்கச் சொல்றதை நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். என் பேரு வெர்னா. நீங்க கொறைச்சு நான் பாத்ததில்ல."

அர்மான் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவை. அவர் ரேமியின் கதையைச் சொன்னார். வெர்னா தயங்கினாள்.

"உறுப்பினர் இல்லாதப்ப, அந்த ஆளோட விவரத்தை நான் வெளியாள்கிட்டப் பேசக் கூடாது சார். அவர் கையெழுத்துப் போட்ட சம்மத ஃபாரம் இருக்கா?"

இருந்தது. ஆலை மூடிய அன்று ஒடெட் வாசல் கேட்டில் நின்று, வெளியே வந்த நானூறு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். "இப்பவே போட்டு வைங்க, பின்னாடி என்னைத் திட்டிக்கலாம்" என்று ஒவ்வொருவரையும் நிறுத்தினாள். ஆலங்கட்டி மழை. நாலு மணி நேரம் குடை பிடித்தது அர்மான். கை கடுக்கிறது என்று புலம்பினாரே தவிர, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கோலெட் ரொட்டிப் பெட்டியைத் திறந்து, பூட்ஸோடு மேசையருகே நின்று தேடினாள். கூத்தூர் கிடைத்தான்.

"கடைசி வரியைப் பாருங்க சார்," என்றாள் வெர்னா. "உறுப்பினரோட உதவியாளர்னு ஒரு கட்டம் இருக்கும்."

கோலெட் பார்த்தாள். காகிதத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'அர்மான் தெபெர்ஜ்' என்று அடித்திருந்தது. அவர் பெட்டியிலிருந்து இன்னொன்றை உருவினார். அதிலும் அதே பெயர். அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. நானூறு வீட்டுக்கு அவர் உதவியாளராக இருந்திருக்கிறார்; அவருக்குத்தான் சொல்லவில்லை.

"இந்தப் பொம்பள…" என்று ஆரம்பித்தார். முடிக்காமல், உருவிய காகிதங்களைத் தட்டி நேராக அடுக்கினார்.

"ஒவ்வொரு கேஸுலயும் உங்க பேரை அடிச்சு அடிச்சு எனக்கு மனப்பாடம் சார்," என்றாள் வெர்னா. "அடுத்த உறுப்பினர் வந்து பதவி ஏத்துக்கிற வரைக்கும் அது செல்லும்."

"சம்பளம் என்ன போட்டிருக்கா?"

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டாங்க சார்."

கோலெட் ஃபாரத்தை செல்லில் படம் பிடித்து அனுப்பினாள். வெர்னா கேள்வி கேட்க, அர்மான் ரேமியைக் கூப்பிட்டுக் கேட்டு, மறுபடி வெர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னார். வாசலில் கார் ஹாரன் அடித்தது. பத்து ஐம்பதுக்கு வெர்னா, "பதிஞ்சாச்சு சார், நேரத்துக்குள்ள வந்துருச்சு" என்றாள். "போங்க, கெளம்புங்க."

அர்மான் கடைசியாக ரேமிக்கு அடித்தார்.

"முடிஞ்சுது. பிள்ளையைப் பாத்துக்க."

"ரொம்ப நன்றி ஐயா. மேடத்துக்கும் என் நன்றியைச் சொல்லிருங்க."

"சொல்றேன். இப்ப அவகிட்டதான் போறேன்."

கோலெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோயில் நிரம்பி வழிந்தது. ஆலையில் பாதி அங்கேதான் நின்றது. தேர்தலில் ஒடெட்டுக்கு ஓட்டுப் போடாதவர்கள்கூட முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். முன்னால் பீடத்தருகே பாதிரியார் கடிகாரத்தையும் அர்மானையும் மாறி மாறிப் பார்த்தார். கோலெட் அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற கிழவர் ரொசேருக்கு அது கேட்டுவிட்டது. அவர் ரகசியம் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"செத்த பிறகும் ஒடெட்டோட லைன் பிஸியாத்தான் இருக்கு," என்றார் அவர்.

முன்வரிசை சிரித்தது. என்ன, என்ன என்று பின்வரிசை கேட்டது. விஷயம் வரிசை வரிசையாகப் பின்னால் போகப் போகச் சிரிப்பும் கூடவே போனது. கடைசியில் கதவோரம் நின்றவர்கள்தான் ரொம்ப நேரம் சிரித்தார்கள். பாதிரியார் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். அர்மான் சவப்பெட்டியின் மேல் கை வைத்து, "ரேமி கூத்தூர் நன்றி சொல்லச் சொன்னான்" என்றார். அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தோன்றவில்லை.

மண் பனியில் உறைந்து குழி தோண்ட முடியாமல் கிடந்ததால் அடக்கம் மே மாதம்தான். சாயங்காலம் வீட்டில் ஊரார் கொண்டுவந்த இறைச்சி வைத்துச் சுட்ட அப்பங்கள் மேசையை அடைத்திருந்தன. கோலெட் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்தாள். அர்மான் ரேடியோவைப் போட்டார். ஆட்டம் தொடங்கியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது.

கோலெட் அப்பாவைப் பார்த்தாள். அவர் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். முதலில் ஃபிரிட்ஜ் பக்கம் போய், குமிழை டக்கென்று சத்தம் கேட்கும்வரை முழுக்கத் திருப்பி ரேடியோவை அணைத்தார். பிறகு ரிசீவரை எடுத்தார்.