கடல் சூடான வருஷம்

சித்திரை வெயிலில் அண்ணன் கலையரசன் போன் செய்தான்.

"அம்மிணி, இந்த வருஷம் ஆத்துல தண்ணி வருமா? வாழைக்கன்னு வெக்கலாமா, வேண்டாமா?"

தனப்பிரியா திரையில் இருந்த கடல் வரைபடத்தைப் பார்த்தாள். கோவையில் ஓர் ஆய்வு நிலையத்தில் கடல்களின் சூட்டைக் கவனிப்பதுதான் அவள் வேலை. பசிபிக் பெருங்கடல் சூடேறிக்கொண்டிருந்தது. எல் நினோ. அப்படிப்பட்ட வருஷங்களில் பெரும்பாலும் குடகில் மழை குறையும், மேட்டூர் நிறையாது, பரமத்தி வேலூரில் அண்ணன் தோட்டத்துக்குத் தண்ணீர் எட்டாது. பெரும்பாலும்தான். அதுவும் சித்திரையில் பார்க்கும் கணிப்பை முழுசாக நம்ப முடியாது.

"மழை கொறையறதுக்குப் பத்துக்கு ஆறு பங்கு வாய்ப்பு இருக்குதுங்கண்ணா."

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கெதுக்கு? வெக்கட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாங்கண்ணா."

கலையரசன் வாழையை விட்டுவிட்டு மானாவாரியாகச் சோளம் விதைத்தான். பக்கத்துத் தோட்டத்துப் பச்சமுத்து யாரையும் கேட்கவில்லை, கன்று நட்டுவிட்டார்.

ஆனி பிறந்தும் மழை இல்லை. அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. "பச்சமுத்து மாமன் கன்னெல்லாம் வாடுது. நல்லவேளை, நீ சொன்னதக் கேட்டேன்" என்றான் அண்ணன். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு மனுஷர் பாடுபட்டு வைத்த பயிர் வாடுவதில் தனக்கு என்ன நிம்மதி என்று பிறகுதான் உறைத்தது.

ஆனிக் கடைசியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் சூடேறியது. இப்படி ஆனால் எல் நினோவையும் மீறி மழை வரலாம். ஒரு காலை குடகுக்கு மேலே வெள்ளை வெளேரென்று மேகம் திரண்ட செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாள். 'பெய்யாமல் போகட்டும்' என்றது மனசு. திடுக்கிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பெய்தது. குடகிலும் ஊரிலும் கொட்டித் தீர்த்தது. அணை நிரம்பி, ஆடிப்பெருக்கன்று காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது.

ஊருக்கு வந்தவள் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டாள். கீழே ஒரே கூட்டம், பூவும் மஞ்சளுமாக. வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. அண்ணன் வண்டியோடு தேடி வந்தான்.

"ஏன் அம்மிணி, போனும் எடுக்காம இங்கயே நின்னுட்ட?"

"நான் சொன்னது தப்பாப் போச்சுங்கண்ணா."

அவன் ஆற்றையே பார்த்தான். "கோவம் இருக்குது. இல்லைன்னு சொல்லமாட்டேன். மாமன் தோட்டத்து வாழை மறுபடி தழைச்சு நிக்கறதப் பாத்தா வயிறு எரியுது."

அவள் தலை குனிந்தாள். "மழை வரக்கூடாதுன்னுகூட நெனச்சேங்க."

கலையரசன் சட்டென்று திரும்பினான். "நானுந்தான்" என்றான். "அணை நெறையற சேதியை டிவியில பாக்கறப்ப எனக்கே பயமாப் போச்சு. தண்ணி வர்றதப் பாத்து ஒரு குடியானவன் பயப்படுவானா?"

கீழே யாரோ குலவையிட்டார்கள்.

"வா, சாமி. உங்கண்ணி சரிதா சாப்பிடாம உனக்காகக் காத்துட்டிருக்கறா."

அவள் வண்டியில் ஏறினாள். தோட்டத்து வழியில் சோளம் ஈரத்தில் சாய்ந்து கிடந்தது. கதிர் போனாலும் தட்டையாவது மாட்டுத் தீவனத்துக்கு மிஞ்சட்டும் என்று, சாப்பிட்டதும் மூன்று பேருமாக அறுக்க இறங்கினார்கள். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.